கண்டக்டரம்மா வீடு திரும்பிய கதை

பேனர்க்காரியின் கடையில் யாரும் கிழவராகி வெளியே போனதில்லை. உள்ளே வருகிற புகைப்படம் எந்தக் கோலத்தில் வந்தாலும், வெளியே போகிற பேனரில் தலைமுடி அடர்ந்திருக்கும், கண்ணுக்குக் கீழே கருவளையம் இருக்காது. ஊர்ப் பெரிய மனிதர்களில் பாதிப் பேருடைய இரண்டாவது தாடை அவள் கம்ப்யூட்டரில்தான் காணாமல் போனது. கீழே கடை, மாடியில் வீடு. பேனர் அச்சடிக்கிற அகல மிஷின் இப்படியும் அப்படியும் ஓடுகிற சத்தத்தில்தான் அவளுடைய இரண்டு பெண்களும் படித்தார்கள், சண்டை போட்டார்கள், தூங்கினார்கள்.

அவளிடம் ஒரே ஒரு கறாரான சட்டம் உண்டு. பேனரில் யார் முகம் இருக்கிறதோ, அவரே பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். அப்புறம்தான் மிஷின் ஓடும். இந்தச் சட்டம் சும்மா வரவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு செருப்புக்கடைக்காரரின் திறப்பு விழா பேனரை அவசரத்தில் கண்ணீர் அஞ்சலி ஃபிரேமுக்குள் போட்டுவிட்டாள். கறுப்புக் கரை, ஓரத்தில் மெழுகுவத்தி, நடுவில் மனிதர் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். யாரும் பார்க்காமலே அதைத் தூக்கிக் கட்டிவிட்டார்கள். திறப்பு விழாவுக்கு வந்த சொந்தக்காரர்கள் வாசலிலேயே மாரடித்து அழ, உள்ளேயிருந்து செத்தவரே ஓடிவந்து "என்ன ஆச்சு, யார் போயிட்டா?" என்று கேட்டாராம்.

சட்டத்தைப் போட்டது அவளில்லை, அவளுடைய அம்மா. அம்மாவை ஊரில் எல்லோரும் கண்டக்டரம்மா என்பார்கள். டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தே இரண்டு பிள்ளைகளை ஆளாக்கியவள். "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல பந்து விளையாடலாம் போல கிடக்குது" என்று அவள் பின்படியில் நின்று குரல் கொடுத்தால், முன்சீட்டில் தூங்குகிறவனுக்கும் சுரணை வரும். ஒரு பயணியைக்கூட அவன் நிறுத்தத்தைத் தாண்டி இறக்கிவிட்டதில்லை என்பது அவளுக்குப் பெரிய பெருமை. அதற்காக டிரைவர்களோடு அவள் போட்ட சண்டைகளைத் தனிக்கதையாகச் சொல்லலாம்.

ஓய்வு பெற்ற பிறகு கடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். திரையை எட்டிப் பார்ப்பதுதான் வேலை. "ஏண்டி, இந்த ஆள் இவ்வளவு சிவப்பா? வெயில்ல என் பஸ்ஸுக்கு நின்னு நின்னு கறுத்தவன்டி. அவன் பொண்டாட்டியே அடையாளம் தெரியாம வீட்டுக்குள்ள விடமாட்டா" என்பாள். வாடிக்கையாளர் முன்னாலேயே சொல்வாள். வாடிக்கையாளரும் சிரித்துவிட்டுக் கொஞ்சம் கறுப்பைத் திரும்பப் போடச் சொல்வார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சிறுநீரகம் கைவிட்டது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். மாற்றுச் சிறுநீரகம் வைக்க இதயம் இடம் கொடுக்காது என்று சொல்லிவிட்டார்கள். மிஷினில் படுத்துவிட்டு வருகிற நாளில் அவள் கந்தல் துணியாகக் கிடப்பாள். மறுநாள் கொஞ்சம் எழுந்து உட்கார்வாள். அதற்கடுத்த நாள் மறுபடி மிஷின். இந்தத் தடவை கிருமி தொற்றி ஆஸ்பத்திரியிலேயே படுக்கையாகிவிட்டது. காய்ச்சல் தணிந்த ஒரு காலையில், மகள் தலை வாரிவிட்டுக்கொண்டிருக்கும்போது, "போதும்டி" என்றாள்.

"சிக்கு இருக்கும்மா, இன்னும் ரெண்டு இழுப்பு."

"தலைய சொல்லலடி. மிஷின சொல்றேன். வீட்டுக்குப் போலாம்."

சிறுநீரக டாக்டரம்மா மென்மையாகப் பேசுகிறவள், எதையும் மறைக்காதவள். கட்டிலோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். நிறுத்தினால் சில நாள், மிஞ்சிப்போனால் இரண்டு வாரம். மூச்சு முட்டினால், உடம்பு அரித்தால் அதற்கு வீட்டிலேயே மருந்து கொடுக்கலாம், நர்ஸ் வந்து பார்ப்பாள். நிறுத்தாவிட்டால் இன்னும் சில மாதம், ஆனால் இப்படித்தான். "உங்க உடம்பு, உங்க முடிவு. நீங்க என்ன சொல்றீங்களோ அதுக்கு நான் கூட நிப்பேன்" என்றாள்.

"எனக்கு வேற ஒண்ணும் வேணாம் டாக்டரம்மா. இங்க எல்லாரும் மெதுவா மெதுவா பேசறீங்க. காது அடைச்ச மாதிரி இருக்கு. என் வீட்டுல மிஷின் ஓடும், தெருவுல பஸ் ஹாரன் அடிக்கும், பேத்திங்க ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு முடியப் பிடிச்சு இழுக்கும். அந்தச் சத்தத்துல படுத்துக் கண்ண மூடணும். அவ்வளவுதான்."

பேனர்க்காரி சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள். "அழறதுன்னா மூக்க சிந்திட்டு அழு, உறிஞ்சாத" என்றாள் அம்மா. மகள் சிந்தினாள், பிறகு தலையாட்டினாள். அம்மா ஒரு முடிவெடுத்தால் எடுத்ததுதான் என்று அவளுக்குத் தெரியும்.

அண்ணன்தான் ஒத்துக்கொள்ளவில்லை. பிஸ்கட் தொழிற்சாலையில் ஷிப்ட் மேற்பார்வையாளன். நல்லவன். அம்மா என்றால் உயிர். தினமும் சாயங்காலம் பழப்பையோடு வருவான், அம்மா சிரித்துப் பேசுவாள், அவனும் சிரித்துவிட்டுப் போவான். பல வருஷத்துக்கு முன்னால் அப்பா இறந்தபோது அவன் ராத்திரி ஷிப்டில் இருந்தான். தகவல் கிடைத்து அவன் வீடு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அந்த முள் அவனுக்குள் இன்னும் இருக்கிறது. "மிஷின் இருக்கும்போது எதுக்கும்மா நிறுத்தணும்? நல்லாதானே இருக்கீங்க?" என்று கேட்டான். கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் நேரே மாண்புமிகுவின் அலுவலகத்துக்குப் போனான்.

மாண்புமிகு என்பது அந்தத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று உண்டுதான், ஆனால் பேனர்களில் முன்னால் வருகிற அந்தச் சொல்லே ஊர் வாயில் ஒட்டிக்கொண்டது. தேர்தல் வாசற்படியில் நின்றது. அப்படிப்பட்ட நேரத்தில், "எங்க அம்மாவைக் காப்பாத்துங்க" என்று ஒரு மகன் கண்ணீரோடு வந்து நின்றால் விடுவாரா? ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை என்று சொல்லத் தோன்றும். ஆனால் அது முழு நியாயமில்லை. அவர் கண்ணில் உண்மையாகவே கொஞ்சம் ஈரம் வந்தது. அது காய்வதற்குள் கேமராக்காரர்களைக் கூப்பிட்டுவிட்டார் என்பதுதான் விஷயம். "என் தொகுதியில் ஒரு தாயைக்கூடச் சாகவிட மாட்டேன்!" என்று அறிவித்தார். ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டருக்குப் போன் பறந்தது. அந்த அம்மாவை வீட்டுக்கு அனுப்பினால் நடப்பதே வேறு.

பெரிய டாக்டர் வீரதீரர் அல்ல. வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாட்டை நிறுத்தி வைத்தார். டாக்டரம்மா அவர் அறைக்குப் போய்ச் சத்தம் போட்டாள். மென்மையாகப் பேசுகிறவள் சத்தம் போட்டதை நர்ஸ்கள் அன்று முழுக்கப் பேசிக்கொண்டார்கள். பலன் ஒன்றுமில்லை.

இந்தக் கூத்து எதுவும் தெரியாமல் பேனர்க்காரி கடையில் இருந்தாள். மாண்புமிகுவின் உதவியாளரிடமிருந்து போனில் ஒரு அவசர ஆர்டர் வந்தது. பெரிய அளவு, பத்து இடத்தில் கட்ட வேண்டும். வாசகம்: "தாயே, உன்னைச் சாகவிட மாட்டோம்!" ஒரு பக்கம் மாண்புமிகு கைகூப்பி நிற்க வேண்டும். மறுபக்கம் ஒரு நோயாளி அம்மாவின் படம். படத்தைத் திறந்தாள். மூக்கில் குழாயோடு, வாய் லேசாகத் திறந்தபடி, தூங்கிக்கொண்டிருந்தது அவளுடைய அம்மா.

படத்தை எடுத்தது அண்ணன்தான் என்று புரிந்தது. கோபம் தலைக்கு ஏறியது. அந்த உதவியாளருக்கு ஊரில் அகல மிஷின் வைத்திருப்பது இவள் ஒருத்திதான் என்று தெரியும். அந்தத் தாய் இவளுடைய தாய் என்று மட்டும் தெரியாது. போனைப் போட்டாள்.

"தம்பி, எங்க கடைச் சட்டம் தெரியும்ல? படத்துல இருக்கறவங்க பார்த்து சரின்னு சொல்லணும்."

"அக்கா, அவங்க ஆஸ்பத்திரில சாகக் கிடக்கறாங்க."

"கிடக்கட்டும். கண்ணு நல்லா தெரியுது அவங்களுக்கு. நான் போய்க் காட்டறேன்."

வரைவை ஒரு சின்னத் தாளில் அச்சடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அண்ணனும் அங்கே இருந்தான். அவனிடம் பேசாமல் தாளை அம்மாவிடம் நீட்டினாள். கண்டக்டரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தாளைத் தள்ளிப் பிடித்து, பக்கத்தில் பிடித்து, நிதானமாகப் பார்த்தாள். இடி விழப்போகிறது என்று பிள்ளைகள் இருவரும் காத்திருந்தார்கள்.

"யார்டா இந்தப் படத்த எடுத்தது? வாயத் திறந்துக்கிட்டு, ஈ போற மாதிரி! ஏண்டி, அந்த ஆளுக்கு மட்டும் தாடைய இழுத்துத் தச்சிருக்க, உங்கம்மா வாய மூடத் தெரியலையா உனக்கு?"

பேனர்க்காரிக்குச் சிரிப்பு பீறிட்டது. அண்ணனுக்கும் வந்தது, ஆனால் அடக்கிக்கொண்டான். அம்மா சிரிக்கவில்லை. மகனைப் பார்த்தாள்.

"தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறடா. என் உடம்ப ஊர்ல கட்டித் தொங்க விடறதுக்கு நீ யாரு?"

"எனக்கு வேற வழி தெரியலம்மா."

"சரி. அந்த ஆள வரச் சொல்லு. நேர்ல பேசிக்கறேன்."

மறுநாள் காலை மாண்புமிகு வந்தார். கேமராக்கள் வந்தன, பழக்கூடை வந்தது, பின்னால் பெரிய டாக்டர் கைகட்டி வந்தார். கண்டக்டரம்மா தலைவாரி, வெள்ளைப் புடவை கட்டி, தலையணையில் சாய்ந்திருந்தாள். மாண்புமிகு குனிந்து அவள் கையைப் பிடித்து, "தாயே!" என்றார்.

அவள் அவர் முகத்தையே உற்றுப் பார்த்தாள். "தம்பி, நீங்க காலேஜ் போற என் பஸ்ல படியில தொங்கிக்கிட்டு வருவீங்கல்ல? ஒரு நாள் சட்டையப் பிடிச்சு உள்ள இழுத்தேனே, பட்டனெல்லாம் தெறிச்சுதே?"

மாண்புமிகுவின் முகத்தில் அசடு வழிந்தது. பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "ஆமாம்மா! நீங்களா அது! வீட்டுல பட்டனுக்காக அடி வாங்கினேன்."

"வாங்கணும். இப்ப தாயேன்னு கூப்பிட்டீங்க, சந்தோஷம். எனக்கு ரெண்டு பிள்ளை, நீங்க மூணாவது. இன்னிக்கு எனக்கு மிஷின் நாள். எனக்கு வேணாம்னு சொன்னேன், ஆனா நீங்க வேணும்னு சொல்லிட்டீங்க. சரி, இன்னிக்கு ஒரு தடவை படுக்கறேன். என் பெரிய பையனோட நீங்களும் வந்து கூட உட்காருங்க. முடியற வரைக்கும். அப்புறமா அந்த பேனருக்கு சரி சொல்றதா வேணாமான்னு பார்க்கலாம்."

கேமராக்கள் எல்லாம் மாண்புமிகுவின் பக்கம் திரும்பின. ஆழம் தெரியாமல் காலை விட்டாயிற்று, எடுக்க முடியாது. "இது என் பாக்கியம்மா" என்றார்.

டயாலிசிஸ் அறையில் கேமராவுக்கு இடமில்லை என்று நர்ஸ் வெளியே தள்ளிவிட்டாள். மாண்புமிகுவின் போன் ஓயாமல் அடித்தது. "அத வெளிய குடுத்துட்டு வாங்க தம்பி, இங்க நோயாளிங்க தூங்கறாங்க" என்றாள் கண்டக்டரம்மா. கொடுத்துவிட்டு வந்து, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார். அடுத்த நாற்காலியில் அண்ணன். பேனர்க்காரி வழக்கம்போல் கால்மாட்டில் நின்றாள். கால் பிடித்துவிடுவது அவள் வேலை.

பெரிய ஊசிகள் இரண்டும் கைக்குள் இறங்கியபோது மாண்புமிகு சன்னலைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்தான். முதலில் எல்லாம் சரியாகத்தான் போயிற்று. பழைய பஸ் கதைகளைச் சொல்லிக்கொண்டு வந்தாள். போகப் போக முகம் வெளிறியது. பேச்சு நடுவில் நின்றது. வாந்தி வந்தது. அண்ணன்தான் பாத்திரத்தைப் பிடித்தான். அப்புறம் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. பஸ்ஸையே நடுங்கவைத்த குரல், உதட்டைக் கடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி முனகியது. பேனர்க்காரி கட்டை விரலால் அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். மிஷின் கூவியது, நர்ஸ் ஓடிவந்து தலைப்பக்கத்தை இறக்கினாள். கொஞ்சம் தேவலையானதும் அம்மா கண்ணைத் திறந்து, "பயந்துடாதீங்க தம்பி, வண்டி கொஞ்சம் பள்ளத்துல விழுந்து எந்திரிக்குது" என்றாள். மறுபடி காலை இழுத்தது.

மாண்புமிகுவின் நெற்றி வேர்த்திருந்தது. "எப்பவும் இப்படித்தானா?" என்று நர்ஸிடம் மெதுவாகக் கேட்டார்.

"இன்னிக்குப் பரவாயில்லை சார்" என்றாள் நர்ஸ்.

அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்தான். கட்டில் விளிம்பில் தலையை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். நாற்பது தாண்டிய ஆம்பிளை, தொழிற்சாலையில் நூறு பேரை மேய்க்கிறவன். "எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா தெரியாது. தினமும் வந்தேனே, சிரிச்சுக்கிட்டுதானே இருந்தீங்க!"

"உனக்குத் தெரியக் கூடாதுன்னுதான்டா மிஷின் முடிஞ்சப்புறம் சாயங்காலமா வரச் சொன்னேன்." ஊசி இல்லாத கையால் அவன் தலையைத் தடவினாள். "உங்கப்பா போனப்ப நீ பட்ட பாட்டைப் பார்த்தவடா நான். இன்னொரு தடவை உன்னைக் கலங்க விடக்கூடாதுன்னு நினைச்சேன். அது என் தப்பு. முன்னாடியே காட்டியிருக்கணும்."

பேனர்க்காரி அண்ணன் மேல் வைத்திருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. இரண்டு வருஷமாக அம்மாவோடு சேர்ந்து அவளும்தானே அதை அவனிடமிருந்து மறைத்தாள்? சாயங்காலம் அவன் வருவதற்கு முன்னால் அம்மாவுக்கு முகம் துடைத்து, பவுடர் போட்டு உட்கார வைத்தது யார்? ஊருக்கெல்லாம் முகத்தைத் திருத்துகிற பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அம்மாவின் கால் இன்னும் அவள் கைக்குள்தான் இருந்தது. அழுதுகொண்டே தேய்த்தாள்.

"போலாம்மா. வீட்டுக்குப் போலாம்" என்றான் அண்ணன்.

மாண்புமிகு முடிகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார். அதைச் சொல்லத்தான் வேண்டும். வெளியே வந்து போனை வாங்கிக்கொண்டு, அங்கே நின்ற பெரிய டாக்டரைக் கூப்பிட்டு, "டாக்டர், இது அவங்க குடும்ப விஷயம். இதுல நாமெல்லாம் தலையிடறது நல்லா இருக்காது, என்ன?" என்று ஏதோ பெரிய டாக்டர்தான் தலையிட்டதுபோல் கண்டித்தார். பெரிய டாக்டரும் "மன்னிக்கணும் சார்" என்றார். பேனர்க்காரி சுவரோரமாகத் திரும்பி நின்றுகொண்டு சிரித்தாள். லிப்ட் வந்தது. ஏறுவதற்கு முன்னால் அவர் தயங்கி, "அந்த பேனர்..." என்றார்.

"அம்மா இன்னும் சரி சொல்லல சார்."

"வேணாம், வேணாம். விட்டுடுங்க."

கண்டக்டரம்மா பிஸ்கட் வேனில் வீடு வந்தாள். அண்ணன் தன் தொழிற்சாலை வண்டியைக் கேட்டு வாங்கி, மெத்தை போட்டு, தானே ஓட்டி வந்தான். தெரு முழுக்க வாசலில் நின்றது. மாடிக்குத் தூக்க வேண்டாம், கடையிலேயே கட்டிலைப் போடு என்றாள். மிஷினுக்கு எதிரில், தெரு தெரிகிற மாதிரி போட்டார்கள். டாக்டரம்மா சொன்ன மருந்துகளோடு நர்ஸ் தினமும் வந்தாள். மற்றபடி அந்த நாட்களை யாராவது வெளியிலிருந்து பார்த்திருந்தால் கல்யாண வீடு என்றுதான் நினைத்திருப்பார்கள். பழைய டிரைவர்கள் வந்தார்கள். ஒருவர் பாதியில் விட்ட சண்டையைத் தொடர்ந்து போட்டு, தோற்று, சிரித்துக்கொண்டே போனார். பேத்திகள் இருவரும் பாட்டியின் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொண்டு பாட்டியைத் தாண்டி அடித்துக்கொண்டார்கள். "என் மேல படாம அடிங்கடி" என்பதோடு அவள் சமாதானம் முடிந்தது. பசி குறைந்தது, தூக்கம் கூடியது. கண் திறந்திருக்கும்போதெல்லாம் வாயும் திறந்திருந்தது.

மாண்புமிகு ஒரு நாள் தனியாக வந்தார். தேர்தல் பேனருக்குத் தன் முகத்தைப் பார்த்துச் சரி சொல்ல வந்ததாகச் சொன்னார். உதவியாளரை அனுப்பியிருக்கலாம், அனுப்பவில்லை. கண்டக்டரம்மா கட்டிலிலிருந்தே திரையைப் பார்த்து, "அந்தத் தாடைய விட்டுடச் சொல்லுங்க தம்பி. தாடை இருந்தாத்தான் பொறுப்பான ஆளு மாதிரி இருக்கு" என்றாள். அவர் யோசித்துவிட்டு, தாடையைத் திரும்பப் போடச் சொன்னார். போகும்போது கட்டிலருகே வந்து கும்பிட்டுவிட்டுப் போனார்.

அண்ணன் லீவு போட்டிருந்தான். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. வாயில் தண்ணீர் ஊற்றினான், கால் பிடித்தான், தங்கச்சியிடம் கேட்டு முறையாகக் கற்றுக்கொண்டான்.

ஒரு நாள் மத்தியானம் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணனும் தங்கச்சியும் சின்ன வயசுச் சமாசாரம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டார்கள். அம்மாவின் டிக்கெட் பையை எடுத்து விளையாடி, ஒரு கட்டு டிக்கெட்டை முழுவதும் கிழித்துக் காற்றில் விட்டது யார்? அம்மா அடித்தது அண்ணனை.

"நீதான் கிழிச்ச! அடி மட்டும் நான் வாங்கினேன்!"

"நான் கேட்டப்ப பையத் திறந்து குடுத்தது யாரு? சொல்லு!"

"பாருங்கம்மா, இத்தனை வருஷம் கழிச்சு ஒத்துக்கறா!"

அம்மா கண்ணைத் திறக்காமலே உதட்டை அசைத்தாள். இருவரும் குனிந்தார்கள். "ரெண்டு கழுதைங்களும்தான்" என்றாள். அண்ணன் சிரிக்க ஆரம்பித்தான். தங்கச்சிக்கும் தொற்றிக்கொண்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, மூச்சு வாங்கச் சிரித்தார்கள். வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. சிரித்து ஓய்ந்து திரும்பியபோது அம்மாவின் உதட்டோரத்தில் இன்னும் கொஞ்சம் சிரிப்பு இருந்தது. மூச்சு இல்லை.

பேனர்க்காரி மிஷினை நிறுத்த எழுந்தாள். அண்ணன் அவள் கையைப் பிடித்தான். "இருக்கட்டும். ஓடட்டும்" என்றான். பிறகு அம்மாவின் தலைமுடியை ஒதுக்கிவிட்டு, அவள் கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டான்.

"நான் இங்கதான் இருந்தேன், பார்த்தியா?" என்றான். "பக்கத்துலயே இருந்தேன்."

"பார்த்தேன் அண்ணா" என்றாள் தங்கச்சி.